பக்கத்துச் சீட்டில் தனபால்

கொல்லிமலையிலேயே பிறந்து, கொல்லிமலை ரோட்டிலேயே வாந்தி எடுக்கிற ஒரே ஆள் தன் பெண்டாட்டிதான் என்று தனபால் ரொம்பக் காலம் நம்பிக்கொண்டிருந்தார். ஒரு கார்ப் பைத்தியத்துக்கு இதைவிடப் பெரிய மானக்கேடு வர முடியாது என்பதும் அவருடைய நம்பிக்கை.

அரியூர் நாடு என்கிற மலைக் கிராமத்தில் மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டுப் பிழைக்கிற மனிதர் அவர். ஆனால் புது ஆள் யாராவது "என்னங்க பண்றீங்க?" என்று கேட்டுவிட்டால், "கார் ஓட்டறனுங்க" என்றுதான் வாய் முந்திக்கொள்ளும். வாடகை வண்டியெல்லாம் இல்லை. தன் காரைத் தானே ஓட்டுகிறார், அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது மட்டும் ஏரோப்ளேன் ஓட்டுகிறவர் மாதிரி நெஞ்சு கொஞ்சம் முன்னால் வரும்.

அது ஒரு பழைய சிவப்புப் பெட்ரோல் கார். மலைக்கு மாற்றலாகி வந்து, குளிர் ஒத்துக்கொள்ளாமல் ஓடிப்போன ஒரு ஆபீசரிடம் வாங்கியது. செவத்தம்மா என்று பேர் வைத்திருந்தார். மிளகு பறிக்க ஏணி மேல் நின்றபடியே, தூரத்து வளைவில் ஏறுகிற வண்டி எந்த கியரில் வருகிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். "மூணாவதுல ஏத்தறான் பாரு, கூறுகெட்டவன். இப்பத் திணறுவான்." சொன்னபடியே அது திணறி நின்றுவிட்டால் போதும், மிளகு விலை ஏறின மாதிரி ஒரு சந்தோஷம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. காரவள்ளியில் இருந்து சோளக்காடு வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதி மலைக்கு மேல் ஏதாவது ஒரு வளைவில் கீழ்நாட்டுக் குடும்பம் ஒன்று காரை ஓரங்கட்டிவிட்டு வரிசையாகக் குனிந்து நிற்கும். தனபால் அவர்கள் பக்கத்தில் செவத்தம்மாளை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இதற்கென்றே முன்னால் போட்டு வைத்திருக்கும் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டுவார்.

"மோந்து பாருங்க சாமி, சரியாயிரும். மொதத் தடவையா மலைக்கு வாரீங்க?"

பார்க்கிறவர்களுக்கு அது உதவி. கொடுக்கிறவருக்குத்தான் தெரியும், அது எலுமிச்சம்பழ வேஷம் போட்டுக்கொண்ட கேலி என்று. இதையெல்லாம் இப்போது அவரே ஊரைக் கூட்டி வைத்துச் சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்தவர் சுகுணா. தேவனூர் நாட்டுக்காரர், அசல் மலைப் பெண். ஆனால் செவத்தம்மாளின் உறையை உருவினாலே, அந்தப் பெட்ரோல் வாசத்துக்கே சுகுணாவுக்குக் குமட்டும். பஸ்ஸில் போனாலும் அதே கதி. மகள் கவிதாவின் கல்யாணம் நாமக்கல்லில் நடந்தபோது, ஆல்பத்தில் எல்லார் முகத்திலும் மஞ்சள் மினுக்கம், பெண்ணின் அம்மா முகம் மட்டும் பச்சை. "ஆல்பத்தைப் பொரட்டறவங்கெல்லாம், பொண்ணோட அம்மாளுக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டமில்ல போலன்னு நெனைச்சுக்கறாங்க" என்று சுகுணாவே சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கவிதா இப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது முறை. ஆனால் இந்த வளைவுகளில் அவளை ஏற்றி இறக்கவே கூடாது என்று நாமக்கல் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். மகள் மேலே வர முடியாது. மாட்டையும் மிளகையும் விட்டுவிட்டு அம்மா முன்னாலேயே கீழே போய்த் தங்கவும் முடியாது. வலி கண்ட பிறகு போனால் ஒரு நாள் முழுக்கப் படுக்கைதான். பிள்ளை பெறப் போகிறவளைப் பார்ப்பதா, அவளைப் பார்க்க வந்தவளைப் பார்ப்பதா?

"புள்ளைக்கு வலி வாரப்ப நான் பக்கத்துல இருக்கோணும். படுத்துக் கெடக்கக் கூடாது, நிமுந்து நிக்கோணும்" என்றார் சுகுணா. "அதுக்கு என்ன வழின்னு உங்க கார் மூளைகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

கார் மூளை யோசித்தது. அதற்கு யோசிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். செம்மேட்டில் வேல்முருகனின் மெக்கானிக் ஷெட். வேல்முருகன் தனபாலுக்கு மாமன் மகன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையின் கார்ப் பைத்தியங்கள் எல்லாம் அங்கே கூடும். ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாரும் அதற்குள் தலையை விட்டபடியே பேசுவார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசின வழக்கமே கிடையாது.

கொஞ்ச மாதமாக அங்கே ஒரே வழக்குதான். பெட்ரோலா, கரண்டா? வழக்கைக் கிளப்பியவர் பிரேம் சார், ஈரோட்டுப் பக்கத்தில் இருந்து மாற்றலாகி வந்த வாத்தியார். அவரிடம் ஒரு வெள்ளை எலக்ட்ரிக் கார் இருந்தது. அவர் குடியிருந்தது தனபால் வீட்டு முன்னறையில். ஆக, எலக்ட்ரிக் வண்டியை மலையிலேயே அதிகமாகத் திட்டுகிற மனிதரின் சுவரில் இருந்துதான் அந்த வண்டி தினமும் கரண்ட் குடித்துக்கொண்டிருந்தது.

"சார், அது காரில்லீங்க. டார்ச்லைட்டுக்கு நாலு சக்கரம்" என்பார் தனபால். "சத்தமில்லாத வண்டியும் உப்பில்லாத களியும் ஒண்ணுதான்."

"அதானே. வளைவுல எதுத்தாப்ல வாரவனுக்கு நீங்க வாரது எப்பிடிங்க தெரியும்?" என்பார் வேல்முருகன்.

"ஹார்ன் இருக்குதுங்களே."

"காத்து மழையில நாலு நாளைக்குக் கரண்டே வராதே, அப்ப என்ன பண்ணுவீங்க?"

இதற்கு மட்டும் பிரேம் சார் கையைத் தூக்கிவிடுவார். "அதுக்குப் பதில் இல்லீங்க. அன்னிக்கு உங்க பெட்ரோல் வண்டியிலதான் தொத்திக்கிட்டு வரோணும். ஆனா ஒண்ணுங்க, மலை எறங்கறப்ப பேட்டரி தானா ஏறும். காலை எடுத்தாலே வண்டியே புடிச்சுக்கும். அந்தப் புடியில கரண்டு திரும்பி உள்ள வந்துரும்."

"எப்பிடி, கெணத்துல விழுந்தவனுக்குத் தாகம் தீர்ற மாதிரியா?" என்பார் வேல்முருகன். பானெட்டுக்குள் சிரிப்பு முழங்கும். அதிகமாக முழங்குவது தனபாலின் சிரிப்பாகத்தான் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து, என்ஜினைப் பார்த்தபடியே தனபால் கேட்டார். "சார், உங்க வண்டியில பெட்ரோல் வாசம் வராதில்லீங்க?"

வேல்முருகன் பானெட்டுக்குள் இருந்து தலையை எடுத்து, வரலாற்றிலேயே முதல்முறையாகத் தனபாலின் முகத்தை நேராகப் பார்த்தார். "மச்சான், நீயா பேசற? இல்ல, உம்மேல ஏதாச்சும் ஏறி நின்னு பேசுதா?"

தனபால் விஷயத்தைச் சொன்னார். கவிதாவுக்கு வளைகாப்பு வருகிறது. வாசமில்லாத வண்டியில் போனால் சுகுணா நிமிர்ந்து இறங்குவாள். பிரேம் சார் மறுபேச்சில்லாமல் சாவியை நீட்டினார். "நீங்களே ஓட்டிட்டுப் போங்க. ஒண்ணு மட்டும், ஃபுல் சார்ஜ் போட்டறாதீங்க. எண்பதுல நிறுத்திருங்க. எறங்கறப்ப ஏர்றதுக்கு எடம் வேணுமில்லீங்களா?"

தனபால் அதைக் காதில் வாங்கினார். மண்டையில் வாங்கவில்லை. பெட்ரோல் பங்கில் டேங்க் நிறைந்து வழிகிற நேரத்திலும், வண்டியைப் பிடித்து நாலு குலுக்குக் குலுக்கி, இன்னும் ஒரு வாய் ஊற்றச் சொல்கிற பரம்பரை. பயணத்துக்கு முன்னால் எதையும் அரைகுறையாக விடுவது அவருக்குப் பாவம். வளைகாப்பு நாள் காலையில் வண்டி நூறு காட்டியது. அவருக்கு வயிறு குளிர்ந்தது. பழக்க தோஷத்தில் வண்டியை ஒரு குலுக்குக்கூடக் குலுக்கினார்.

சுகுணா பட்டுப்புடவையில் ஏறி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். "வாசமே இல்லீங்க!" என்றார். சோளக்காடு வரைக்கும் ராஜ பவனி. முதல் சில வளைவுகளில் காலை எடுத்ததும் வண்டி சமர்த்தாகப் பிடித்தது. தனபால் மீசையை நீவிக்கொண்டார். அதற்கப்புறம் பேட்டரிக்கு வயிறு முட்டிவிட்டது. உண்டு முடித்தவன் இலையை மூடுவது மாதிரி, இனிமேல் ஒரு பருக்கை வேண்டாம் என்று வண்டி பிடியை விட்டுவிட்டது. தனபால் காலை எடுக்கிறார், வண்டி பாட்டுக்கு ஓடுகிறது. செவத்தம்மாளாக இருந்தால் இரண்டாவது கியருக்குத் தட்டி முனக வைத்திருப்பார். இதில் தட்டுவதற்கு என்ன இருக்கிறது? இடது கை ஆகாயத்தைத் தட்டியது. வளைவுக்கு வளைவு பிரேக்கில் ஏறி மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் சுகுணாவின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது.

பாதி மலையில் முதல் வாந்தி. காரவள்ளி வருவதற்குள் அவருக்கு எடுக்க ஒன்றுமே மிச்சமில்லை.

நாமக்கல்லில் வளைகாப்பு நடந்தது. கூடத்தில் மகளுக்கு ஊரே வளையல் போட்டுக்கொண்டிருந்தது. பெற்றவர் பின் அறையில் நெற்றியில் ஈரத்துணியோடு கிடந்தார். கதவு வழியே வளையல் குலுங்குகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. தனபால் அறை வாசலில் நின்றார். இந்த மலையிலேயே நல்ல டிரைவர் யார் என்று கேட்டால் சட்டென்று தன் நெஞ்சைக் காட்ட ஒரு விரல் எப்போதும் தயாராக இருக்கும். அந்த விரலை அன்றைக்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அம்மா எங்கப்பா?" என்று கவிதா கூடத்தில் இருந்து கண்ணாலேயே கேட்டாள். அவர் தலை குனிந்துகொண்டார்.

மறுநாள் திரும்பி ஏறும்போது, நடுமலையில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிய சுகுணா, வாயைக் கொப்பளித்துவிட்டு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"பெட்ரோலு மேல பழி போட்டமே, பாவம் அது" என்றார். "வண்டி மேல குத்தமில்லீங்க."

"பின்ன?"

"நீங்க ஓட்டறதுதான்."

இருபது வருசத்துக்கு மேல் கட்டிக்காத்த பேர், ரோட்டோரக் கல்லில் வைத்து ஒரே வரியில் காலி. தனபால் வாயைத் திறப்பதற்குள் சுகுணாவே தொடர்ந்தார். "ஏனுங்க, பஸ் டிரைவரு எப்பவாச்சும் வாந்தி எடுத்துப் பாத்திருக்கீங்களா? ஏன் எடுக்கறதில்ல? எந்தப் பக்கம் ஒடிக்கப் போறம்னு அவருக்கு முன்னாலயே தெரியும். பின்னாடி உக்காந்திருக்கறவளுக்கு என்ன தெரியும்? நேத்து உங்க காலைத்தான் பாத்துக்கிட்டே வந்தேன். அழுத்துனா ஓடுது, தூக்குனா நிக்குது. என்ற மோட்டார் மிசினும் அப்பிடித்தான். நான் ஓட்டிப் பாக்கறேன்."

சுகுணா ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைப்பவர். கால் மிதிக்கு மோட்டார் போட்ட தையல் மிஷினில் வேலை செய்கிறவர். லைசென்ஸும் வைத்திருந்தார். மகள் கார் பழகப் போன காலத்தில் துணைக்குப் போய், நாமக்கல் சமவெளியில் இவரும் பாஸ் பண்ணியது. ஆனால் மலை மேட்டில் கிளச்சை விடும்போது வண்டி பின்னால் உருண்ட ஒரு நாளோடு சாவியைத் தூக்கிப் போட்டவர்தான். லைசென்ஸ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

பிரேம் சாரின் வண்டியில் சாயங்காலங்களில் பள்ளிக்கூட மைதானத்தில் பழக்கம் ஆரம்பமானது. வாத்தியார் தனபால். வண்டியின் சொந்தக்காரரான நிஜ வாத்தியார் கொய்யா மரத்தடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"கிளச்ச மிதி, கிளச்ச மிதி!"

"எங்கீங்க இருக்குது அது?"

"... செரி, கியர மாத்து!"

"ஏனுங்க, நீங்க எறங்கிக்கறீங்களா?"

இறங்கிக்கொண்டார். இறங்கிய பிறகுதான் வண்டி அலுங்காமல் ஓட ஆரம்பித்தது. சுகுணா மைதானத்தில் இருந்து செம்மேட்டு ரோட்டுக்கு வந்தார், அங்கிருந்து சோளக்காட்டுச் சந்தை வரைக்கும் போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் வேல்முருகன் கேட்டார். "என்ன மச்சான், தங்கச்சி டார்ச்லைட்டு ஓட்டுதாமே?" பானெட் சிரித்தது. இந்தத் தடவை அதில் தனபாலும் சேர்ந்து சிரித்தார். கொஞ்சம் கோணலாக.

ஒரு நாள் காலையில் நாமக்கல்லில் இருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார். கவிதாவுக்கு வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

சுகுணா பாதி தைத்த ஜாக்கெட்டை மிஷினிலேயே விட்டுவிட்டு எழுந்தார். பிரேம் சார் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்க்கொள்கிறேன் என்று சாவியைக் கொடுத்தார். வண்டி எழுபதும் சில்லறையும் காட்டியது. தனபால் அதைப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம்..." என்று ஆரம்பித்துவிட்டு, தானாகவே வாயை மூடிக்கொண்டார். டிரைவர் கதவைத் திறக்கப் போன கை பாதியில் நின்றது. சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார்.

மீசை முளைத்த நாளில் இருந்து, ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் அவர் இந்த மலையை இறங்கியதே இல்லை. அது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

சுகுணா வண்டியை மலையில் இறக்கினார். வளைவுக்கு முன்னாலேயே காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். வண்டி தானே பிடித்துக்கொண்டு தானே அடங்கியது. "ஜாக்கெட்டுக் கைவளைவு தைக்கற மாதிரிதானுங்க. அவசரப்பட்டா சுருங்கிரும்" என்றார். ஒரு குலுக்கல் கிடையாது.

குலுக்கல் எல்லாம் தனபாலுக்குள்தான் இருந்தது. வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. இடது கால் இல்லாத கிளச்சைத் தேடியது. எப்போதும் காதுதான் அவருக்குக் கண். என்ஜின் முனகினால் ஏற்றம், இரைந்தால் இறக்கம், இந்தச் சத்தத்துக்கு இந்த வளைவு என்று உடம்பு முழுக்கக் கணக்குப் போட்டு வைத்திருந்தது. இன்றைக்கு அந்தக் காதுக்கு ஒன்றுமே சொல்லப்படவில்லை. திடீரென்று இடதில் சாய்ந்தார். திடீரென்று வலதில் சாய்ந்தார். வாயில் எச்சில் ஊறியது. இது என்னவென்று முதலில் அவருக்குப் புரியவே இல்லை. பசியாக இருக்கும் என்று நினைத்தார்.

"சுகுணா."

"ம்."

"ஓரங்கட்டு."

"புள்ள அங்க வலியில கெடக்கறா. எதுக்குங்க?"

"ஓரங்கட்டு புள்ள!"

நிறுத்துவதற்குள் கதவைத் திறந்துவிட்டார். அங்கே ஏற்கெனவே ஒரு டூரிஸ்ட் குடும்பம் குனிந்து நின்றுகொண்டிருந்தது. வேறு இடமில்லை. தனபால் ஓடிப்போய் வரிசையில் கடைசி ஆளாக நின்றுகொண்டார். ரெட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண், வாயைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தது.

"தாத்தா, உங்களுக்கும் சுத்துதா?"

தாத்தாவின் வாய் வேறு வேலையில் இருந்தது. யாரோ முதுகைத் தடவினார்கள். திரும்பிப் பார்த்தால் சுகுணா. இத்தனை வருசத்தில் அவர் இப்படிக் குனிந்து நின்றபோதெல்லாம் தான் ஒரு தடவையாவது வண்டியை விட்டு இறங்கி முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறோமா? ஹார்ன் அடித்திருக்கிறோம். அது நன்றாக ஞாபகம் இருந்தது. தனபாலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வாந்தி எடுத்தால் வரத்தானே செய்யும் என்று அதை விட்டுவிட்டார்.

"ஏறுங்க, நேரமாவுது" என்றார் சுகுணா. "சன்னலத் தொறந்து வெச்சுக்கிட்டுத் தூரமாப் பாருங்க. ரோட்டப் பாக்காதீங்க."

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும், சுகுணா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக உள்ளே நடந்தார். ஓட்டம் மாதிரி ஒரு நடை. பிரசவ அறைக்குக் கொண்டுபோகும் முன்னால் கவிதா கண்ணைத் திருப்பியபோது, அம்மா நின்றிருந்தார். நிமிர்ந்து. அவள் கையை இவர் பிடித்துக்கொண்டார். "வந்துட்டேன் கண்ணு."

மத்தியானம் பேத்தி பிறந்தாள். மாப்பிள்ளை எடுத்த போட்டோவில் சுகுணா குழந்தையை ஏந்திக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறார். பக்கத்தில் பச்சை முகத்தோடு ஒருவர், சுவரைப் பிடித்தபடி. இந்தச் சம்பந்தத்தில் அவருக்குத்தான் இஷ்டமில்லை போலிருக்கிறது.

சில நாள் கழித்து, மாடும் மிளகும் காத்துக் கிடப்பதால் ஒரு எட்டு மேலே போய்விட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். சேந்தமங்கலம் தாண்டி, மலையடியில் காரவள்ளி வந்ததும் சுகுணா வண்டியை ஓரங்கட்டினார். இறங்கிப் பெட்டிக்கடைக்குப் போனார். திரும்பி வந்து தனபாலின் மடியில் மூன்று எலுமிச்சம்பழத்தைப் போட்டார்.

"நமக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கீரலாமுங்க" என்றார், பெல்ட்டைப் போட்டுக்கொண்டே. "மாசத்துக்கு நாலு தடவையாச்சும் நான் புள்ளையப் பாக்க வரோணும்."

"அப்ப செவத்தம்மா?"

"அவளும் இருக்கட்டும். மழைக்குக் கரண்டு போனா வேணுமில்ல? அதுவுமில்லாம நீங்க என்னத்துல வருவீங்க? நான் முன்னால இதுல போறேன். நீங்க பின்னாடியே அதுல வாங்க. ரெண்டு பேரும் நிமுந்து எறங்கலாம்."

ஒரு குடும்பம், இரண்டு கார், ஒரே ஊருக்கு. ஞாயிற்றுக்கிழமை பானெட்டுக்குள் இதை எந்த முகத்தோடு சொல்வது என்று தனபால் யோசித்துப் பார்த்தார். நல்ல வேளை, அங்கே யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

பக்கத்தில் வெளியூர் நம்பர் போட்ட கார் ஒன்று வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிய இளைஞன், மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டிருந்த தனபாலைப் பார்த்தான்.

"என்னண்ணா, நீங்களும் மலைக்கு மொதத் தடவையா?"

தனபால் ஸ்டியரிங் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுகுணா ரோட்டைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க சாமி" என்று ஒரு பழத்தை எடுத்து அவனிடம் நீட்டினார். "மொதத் தடவைதான்."